பட்டறைத் தொழிலாளரின் செவித்திறன்

ஐயா,

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பட்டறைகளில் தகடு அடிப்போரும் கிரைண்டர் பிடிப்போரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு (பஞ்சு இரைச்சலைப் பெரிதாகத் தடுப்பதில்லை) வேலை செய்கிறார்கள். 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நாளுக்கு 8 மணி நேரம் வீதம் ஆண்டுக்கணக்கில் இருந்தால் உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அழியும். அவை மீண்டும் வளர்வதில்லை. முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்சுருதி ஒலிகளே மங்குவதால், எதிரில் நிற்பவரின் பேச்சே குழம்பும்வரை தொழிலாளி தம் இழப்பை உணர்வதில்லை. இந்தச் செவித்திறன் இழப்பைத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோயாகவே வைத்திருந்தும், சிறு பட்டறைகள் பல அதன் வரம்புக்குள் வருவதில்லை. ஆகவே, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தச் சோதனைகளோடு செவித்திறன் சோதனையையும் சேர்த்து, தேவைப்படுவோருக்குச் செவித்துணைக் கருவியோடு அதைப் பழகும் பயிற்சியையும் அரசு அளிக்க வேண்டும்; பயிற்சியின்றித் தந்த கருவி பீரோவில்தான் கிடக்கும்.

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை, சென்னை.