செவ்வாய்க்கிழமை ரசவடை

மாட்டுங்கா
மும்பை
ஞாயிறு மாலை

அன்பு மாப்ளே,

அப்பளக் கட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று கோபத்தில் இருப்பாய், நியாயம்தான். மூன்று கட்டில் ஒன்று வழியிலேயே நொறுங்கிவிட்டது. அந்தத் தூளையெல்லாம் ரசஞ்சாதத்தில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். கல்லிடைக்குறிச்சி அப்பளம் நொறுங்கினாலும் கல்லிடைக்குறிச்சி அப்பளம்தான். என் வீட்டுக்காரி புனேயில் மகள் வீட்டில் இருக்கிறாள், பேத்தி பிறந்து மூன்றாம் மாதம் நடக்கிறது. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் முழங்கால் எப்படி? தைலத்தை நம்பிக்கொண்டே இருக்காமல் டாக்டரிடம் போ. சரி, நலம் விசாரிப்பு முடிந்தது.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் பையன். போன வாரம் கூப்பிட்டான். பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில் வேலை, அடுத்த மாதம் சேர வேண்டும் என்றான். மனசு நிறைந்துபோயிற்று. தங்குவதற்கு இடம் நான் பார்த்து வைக்கிறேன் என்றேன். "சாப்பாட்டுக்கு என்னடா செய்வே?" என்று கேட்டால், "அதெல்லாம் போன்ல போட்டா ரூம் கதவுக்கே வந்துரும் மாமா" என்கிறான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. கடிதத்தை நடுவில் மூடி வைத்துவிட்டு வயலைப் பார்க்கப் போகாதே.

அவள் புனே கிளம்பி ஐந்து மாதம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் நானும் அந்தப் போன் வழியாகத்தான் சாப்பிட்டேன். பெட்டியைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கும். உள்ளே மசால்தோசை மடித்த இடத்தில் நனைந்த அட்டை மாதிரி ஒட்டிக் கிடக்கும். தோசைக்கு ஆயுசு கல்லிலிருந்து இலைக்கு வருகிற நேரம்தானே, அதைப் பிளாஸ்டிக்கில் அடைத்துப் பைக்கில் அனுப்பினால் என்ன ஆகும்? ருசி போனால் போகட்டும். பதிமூன்றாம் நாள் அவள் போனில், "இன்னிக்கு யார்கிட்ட பேசினீங்க?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். வாட்ச்மேனிடம் "லிப்ட் வேலை செய்யுதா?" என்று கேட்டிருந்தேன். வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றேகால் கோடிக்கு மேல் ஜனம் இருக்கிற ஊரில், மாப்ளே.

மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு நம்ம மூலைக்கடைக்கு இறங்கிப் போனேன்.

ஆமாம், இன்னும் இருக்கிறது. அதே மஞ்சள் சுவர், அதே கல் மேசை. நீ உடைத்த கண்ணாடியை மட்டும் மாற்றிவிட்டார்கள். பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் மகன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். பாயச விஷயம் அவனுக்கும் தெரிந்திருக்கிறது! அப்பா சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். உன்னை விசாரித்தான்.

கூட்டமாக இருந்தது. சர்வர் என்னைப் பார்த்தான், மூன்றாம் மேசையைக் காட்டினான். அங்கே ஏற்கெனவே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பேப்பரைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு என் தட்டுக்கு இடம் விட்டார். அதற்குமேல் பழக்கம் ஆக வேறென்ன வேண்டும்? இந்த ஊரில் நாம் 1983-ல் வந்து இறங்கியபோதும் இப்படித்தானே. உனக்கும் எனக்குமே முதல் பேச்சு ரயிலிலா நடந்தது, ஆபீஸிலா நடந்தது? ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள், நீ என் சட்னியை எடுத்தாய்.

இதைப் பற்றி நிறைய யோசித்தேன். மாட்டுங்கா ஓட்டல்களின் பெயரையே பாரேன், 'லஞ்ச் ஹோம்', 'போர்டிங்'. டைப்பிஸ்டாகவும் குமாஸ்தாவாகவும் தெற்கேயிருந்து வந்த ஆண்கள், ஒரு அறைக்கு நான்கு பேர் ஐந்து பேர், அடுப்பு வைக்க இடமில்லை. அவர்களுக்காக முளைத்தவை இவை. ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் இருக்கும் ராம நாயக் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942-ல் தொடங்கியது. கிங்ஸ் சர்க்கிள் கஃபே மெட்ராஸ் 1940. ராமாஷ்ரயாவில் காலையில் பைனாப்பிள் ஷீராவுக்கு, நம்ம கேசரி மாதிரிதான், இன்றைக்கும் ஆள் நிற்கிறது. கஃபே மெட்ராஸ் வாசலில் ஞாயிற்றுக்கிழமை பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், கூப்பிட்டதும் நான்கு பேர் மேசையில் இரண்டு குடும்பத்தைச் சேர்த்து உட்கார வைத்துவிடுவார்கள். அப்படி உட்கார்வதில் யாருக்கும் கூச்சமே கிடையாது. பக்கத்துத் தட்டைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டு அதையே ஆர்டர் பண்ணுகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். இடம் இல்லாததால் வந்த பழக்கம்தான். ஆனால் அதுதான் இந்த ஊரில் தனியாக வந்தவனைக் காப்பாற்றிய பழக்கம் என்று நான் முழுசாக நம்புகிறேன்.

மூன்றாம் மேசைப் பெரியவர் குஜராத்தி. எண்பது வயசுக்கு மேல் இருக்கும். மூல்ஜி ஜேட்டா மார்க்கெட்டில் துணி வியாபாரம் பண்ணியவர். காகா என்று கூப்பிட்டேன், அவர் என்னை அண்ணா என்றார், இந்தியில் பேசிக்கொள்வோம். தினமும் எட்டரைக்கு வருவார். ரசவடை மட்டும்தான் சாப்பிடுவார். அவர் சாப்பிடுவதை நீ பார்க்க வேண்டும். கிண்ணம் வந்ததும் வடையைத் தொட மாட்டார். முதலில் ரசத்தைக் கரண்டியால் மொண்டு மொண்டு குடித்து முடிப்பார். வடை தரைதட்டியதும் சர்வர் சொல்லாமலே இன்னொரு தடவை ரசம் ஊற்றிவிட்டுப் போவான். அப்புறம் பேப்பரை நாலாக மடித்துக்கொண்டு படிப்பார். நடுநடுவே கரண்டி விளிம்பை வடைமேல் வைத்துப் பார்ப்பார், அழுத்த மாட்டார், வைக்க மட்டும்தான் செய்வார். கரண்டி தன் கனத்திலேயே உள்ளே இறங்கினால் வடை தயார். "ஹோ கயா" என்று எனக்கும் ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்குவார். நான் இட்லியைச் சாம்பாரில் முக்கித் தரச் சொல்லி "டிப்" கேட்டால் அவருக்குப் பிடிக்காது. தனித்தனியாக வாங்கி நாமே ஊற்ற வேண்டுமாம், எவ்வளவு ஊற வேண்டும் என்பது சாப்பிடுகிறவன் கையில் இருக்க வேண்டுமாம்.

பேப்பர் மும்பை சமாச்சார். 1822-ல் ஆரம்பித்த பேப்பர் என்று பெருமையாகச் சொல்வார். அதில் கடைசியில் இரங்கல் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். தெரிந்த பெயர் இருந்தால் எனக்கு உரக்கப் படித்துச் சொல்வார், இந்த வீட்டுக்காரர், இந்த மார்க்கெட்டில் கடை வைத்திருந்தார் என்று. எனக்குக் குஜராத்தி எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

இப்படி மூன்றரை மாதம் போயிற்று. ஒரு திங்கள்கிழமை அவர் வரவில்லை. செவ்வாய், புதன், ஊஹூம். சர்வரிடம் கேட்டேன், தெரியாது என்றான். கல்லாவில் கேட்டேன், "வருவாரு சார், எங்கேயாவது போயிருப்பாரு" என்றான். எட்டாம் நாள் எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது. பேப்பர் கடையில் ஒரு மும்பை சமாச்சார் வாங்கினேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எதிர்க் கட்டடத்து மருந்துக் கடைப் பையனிடம் நீட்டி, "இதில் பெயர்களை மட்டும் படி தம்பி" என்றேன். அவன், "எந்தப் பெயரைத் தேடுறீங்க?" என்றான்.

மாப்ளே, எனக்குப் பெயர் தெரியாது.

அந்த மனுஷனுக்குக் காப்பியில் எவ்வளவு சர்க்கரை என்று தெரியும். இடது கை கட்டைவிரல் கதவில் நசுங்கியது தெரியும். மனைவி எந்த வருஷம் போய்ச் சேர்ந்தாள் என்று தெரியும், அவள் செய்த கடிக்கு, அதுதான் குஜராத்தி மோர்க்குழம்பு, இணையாக எங்கேயும் கிடைக்காது என்பதுகூடத் தெரியும். பெயர் தெரியாது, வீடு தெரியாது, நம்பர் தெரியாது. அந்தப் பையன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், நான் பேப்பரை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி பட்ட பாட்டை எழுத முடியாது. என் வயசில் கூடச் சாப்பிட்ட ஒருவரை இப்படித் தொலைத்துவிட்டேனே என்றுதான் திரும்பத் திரும்ப வந்தது.

கடைசியில் வழி காட்டியதும் அந்தப் பேப்பர்தான். மறுநாள் பேப்பர்காரனிடம் போய், இந்தப் பக்கத்தில் சமீபத்தில் மும்பை சமாச்சாரை யார் நிறுத்தினார்கள் என்று கேட்டேன். உடனே சொன்னான். இரண்டு தெரு தள்ளி ஒரு மூன்று மாடிக் கட்டடம், ரீடெவலப்மென்டுக்காக, இடித்துப் புதிதாகக் கட்டக் காலி பண்ணிவிட்டார்கள், காகா டோம்பிவிலியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போய்ப் பார்த்தேன். கட்டடத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருந்தது. ஜன்னல் சட்டங்களைக் கழற்றி வாசலில் அடுக்கியிருந்தார்கள், பழைய தேக்கு.

இங்கே எல்லாத் தெருவிலும் இதே கதைதான். பழைய பகடி வீடுகள், அதாவது முன்னாடியே ஒரு தொகை கொடுத்துவிட்டுக் குறைந்த வாடகையில் இருக்கிற வீடுகள், எல்லாம் இடிந்துவிழும் நிலையில் இருக்கின்றன, புதிதாகக் கட்டத்தான் வேண்டும், அதில் தப்பு சொல்ல மாட்டேன். எங்கள் கட்டடத்திலும் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாடகைக்காரனுக்குப் புது வீடு உண்டு, ஓட்டல்காரனுக்கும் புதுக் கடை உண்டு. கட்டி முடிக்க மூன்று வருஷமோ நான்கு வருஷமோ. ஆனால் நான்கு வருஷம் அடுப்பு அணைந்து கிடந்த ஓட்டல் திரும்ப எரியுமா? கர்நாடகத்துக் குந்தாபூர் பக்கத்திலிருந்து வந்த சமையல்காரர் ஊருக்குப் போனால் திரும்பி வருவாரா? தினம் எட்டரைக்கு வந்தவர் டோம்பிவிலியிலும் இன்னொருவர் விராரிலும் இருக்கும்போது யாருக்காகக் கடையைத் திறப்பது? நம்ம மூலைக்கடைக் கட்டடத்துக்கும் கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று கல்லாவில் சொன்னான். சொல்லிவிட்டுச் சில்லறையை எண்ணிக்கொண்டே இருந்தான். ஷண்முகானந்தா ஹால் எரிந்த 1990-ல் நீ ஊருக்குக் கிளம்பினாய், அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து நான் உட்கார்ந்ததும் அந்த மூன்றாம் மேசையில்தான். அதனால்தான் இவ்வளவு பதறுகிறேன் என்று வைத்துக்கொள்.

சரி, காகாவுக்கு வருகிறேன். பேப்பர்காரனிடம் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். "கோன்?" என்றார். என் பெயரைச் சொன்னால் அவருக்கு எப்படித் தெரியும்? "தீன் நம்பர் டேபிள்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அண்ணா, இட்லி டிப்பா, தனியா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளாம். காலையில் எல்லோரும் ஆளுக்கொரு நேரம் சாப்பிட்டுவிட்டு ஓடிவிடுகிறார்களாம், மேசையில் எதிரே ஆள் இல்லையாம். பெயரைக் கேட்டேன், சொன்னார். என் பெயரைக் கேட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் வருகிறார். காலைக் கூட்டம் வடிந்து பத்து மணிக்கு மேல் டோம்பிவிலியில் ஸ்லோ லோக்கல் ஏறுகிறார், பாஸ்ட் வண்டி மாட்டுங்காவில் நிற்காதே. ஒரு மணி நேரம் ஆகும். எண்பது வயசுக்கு மேல் ஒரு ரசவடைக்காக. நான் ஸ்டேஷன் படிக்கட்டில் போய் நின்று கூட்டி வருகிறேன். பதினொன்றரை வரைக்கும் இரண்டு வடையை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கல்லாக்காரன் மறந்ததில்லை.

இப்போது உன் பையன் விஷயம். அவனுக்கு சயான் பக்கம் ஒரு அறை பார்த்திருக்கிறேன், ஆபீஸுக்கும் கிட்டம், எனக்கும் கிட்டம். ராத்திரி அவன் எப்படியாவது சாப்பிடட்டும், நான் கேட்க மாட்டேன். காலையில் மட்டும் எட்டேகாலுக்கு நம்ம கடைக்கு வந்துவிட வேண்டும். காதில் அந்தக் குமிழை மாட்டிக்கொள்ளாமல் வர வேண்டும். எதிரே யார் உட்கார்ந்தாலும் உட்காரட்டும். நான் சொன்னால் "சரி மாமா" என்பான், செய்ய மாட்டான். நீ சொல்லு. உன் பாணியில் திட்டாமல், அவன் அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லு. நீ முதல் நாள் என் சட்னியை எடுத்த கதையையும் சொல்லு, அவனுக்குத் தெரிந்திருக்காது.

நீயும் அவனோடு ஒரு நடை வந்துவிட்டுப் போயேன். கையெழுத்தெல்லாம் முடிந்து பலகை மாட்டுவதற்கு முன்னால் வா. அந்தப் பதினேழு ரூபாயையும் எடுத்து வா, பெரியவர் மகன் நோட்டில் இருக்கிறது என்கிறான்.

டிக்கெட் போடும்போது திங்கள்கிழமை வந்து சேருகிற மாதிரி போடு. மறுநாள் காகா வருவார். மூன்றாம் மேசையில் நான்கு நாற்காலி.

உன்
மணி

அப்பளம் இனிமேல் டின்னில் போட்டு அனுப்பு. காகாவுக்கும் ஒரு கட்டு வேண்டும்.