கயலுக்கு, ஹெலிகாப்டர் வாங்கிய சேதி கேட்டு

அன்புள்ள கயல்,

450 அளவு ரிமோட் ஹெலிகாப்டர் வாங்கியிருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை, அத்தனை சந்தோஷம். ஃபோனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பயப்பட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், கண்ணு. தலைக்கு மேல் சுற்றும் பிளேடுகள், அதாவது ரோட்டர், முனைக்கு முனை ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,500 சுற்று என்றால் பிளேடு முனையின் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர் வரும், கணக்குப் போட்டுப் பார். உன்னுடையதில் ஏற்ற இறக்கம் பிளேடு சாயும் கோணத்தில்தான் இருக்கிறது. அதனால் தரையை விட்டு எழும்பும் முன்பே ரோட்டர் நல்ல வேகம் பிடித்திருக்கும். அறைக்குள் ஒரு தடவை சுற்றவிட்டுப் பார்க்கலாம் என்று ஆசை வரும், வேண்டாம். மோட்டாரைச் சோதிப்பதென்றால் பிளேடுகளைக் கழற்றிவிடு. மோட்டார் சுற்றாமல் தடுக்கும் த்ராட்டில் ஹோல்டு சுவிட்சைப் போடாமல் பேட்டரியைச் செருகாதே. இறங்கியதும் திரும்ப அதைப் போட்டு, பிளேடு முழுக்க நின்ற பிறகே கிட்டே போ.

அடுத்து, ஹெலிகாப்டருக்கு முன் சிமுலேட்டர், கணினித் திரையில் பறக்கவிட்டுப் பழகும் மென்பொருள். உன் டிரான்ஸ்மிட்டரையே கணினியில் இணைத்து ஹோவர், அதாவது அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவது, பழகு. தட்டில் கோலிக்குண்டை உருளாமல் நிறுத்துவது போன்ற வேலை அது. கை ஒரு நொடி ஓய முடியாது. வால் உன் பக்கம் இருந்தால் வலது வலதுதான். மூக்கு உன்னைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடவலம், முன்பின் எல்லாம் மாறிவிடும். யோசித்து முடிப்பதற்குள் அது தரையில் கிடக்கும். அந்த நேரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன்: எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு, நிமிர்ந்துவிடும். முதலில் வால், பிறகு இரண்டு பக்கவாட்டு, கடைசியில் மூக்கு. நான்கிலும் விரல் தானாகப் போகும்வரை முன்னே பறக்கவிடாதே. "ஹோவர் போதும், ஒரு சுற்று விடு" என்று யார் சொன்னாலும் கேட்காதே.

ஹோவரில் அது லேசாக வலப்பக்கம் சாய்ந்தே நிற்கும். கோளாறு என்று நினைத்து எதையும் திருகாதே. ரோட்டர் கடிகாரச் சுற்றில் சுற்றும்போது உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். வால் ரோட்டர் அதைத் தடுக்கிறது. அந்தத் தள்ளலே முழு ஹெலிகாப்டரையும் இடப்பக்கம் நகர்த்தும், சாய்வு அதை ஈடுகட்டுகிறது. தரையை ஒட்டிப் பழகுவது பத்திரம் என்றும் எண்ணாதே. அதன் காற்றே தரையில் மோதித் தள்ளாட வைக்கும். கவிழாமல் தாங்கும் அகலமான பயிற்சிக் கால்களை மாட்டி, கண் உயரத்துக்கு எடு.

லித்தியம் பேட்டரி ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பறக்காத நாட்களில் 3.8 வோல்ட் அளவில் வை. சார்ஜ் ஏறும்போது ஆள் அருகில் இருக்க வேண்டும். இரவு போட்டுவிட்டுத் தூங்காதே.

நீ இருப்பது ஜெர்மனி. ரிமோட் ஹெலிகாப்டரை உலகம் வாங்கிப் பறக்கவிடும் பொருளாக்கியவர்களில் முதன்மையான டீட்டர் ஷ்லூட்டரின் நாடு. 1970களின் தொடக்கத்தில் அவர் விற்பனைக்கு விட்ட கோப்ராவைப் பறக்கவிட்டவர்களுக்கு இன்றுள்ள எலெக்ட்ரானிக் நிலைப்படுத்தி கிடையாது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அங்கே பிறருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு இல்லாமல் மாடல் விமானம் பறக்கவிடக் கூடாது என்பது சட்டம். பதிவு எண் வாங்கி ஹெலிகாப்டரில் ஒட்டு. பக்கத்தில் ஒரு மாடல் விமான கிளப்பில் சேர்ந்துவிட்டால் இதெல்லாம் அவர்களே சொல்லித்தருவார்கள். இரண்டு டிரான்ஸ்மிட்டரை இணைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆளும் கிடைப்பார். நீ தடுமாறினால் கட்டுப்பாட்டை அவர் வாங்கிக்கொள்வார்.

அவரிடம் எந்த மோடு, அதாவது எந்த ஸ்டிக்குக்கு எந்த வேலை, என்று முதல் நாளே கேள். ஏற்றி இறக்கும் த்ராட்டில் இடது ஸ்டிக்கில் என்றால் மோடு 2, வலதில் என்றால் மோடு 1. அவர் பழகியதிலேயே நீயும் தொடங்கு. பதில் வந்ததும் எனக்கு எழுது, சிமுலேட்டரை அதற்கேற்ப எப்படி அமைப்பது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா