பூ எடுத்ததும் மடக்கி உழ வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்ணுக்கு உரமாக மடக்கி உழும் பசுந்தாள் பயிரை விதைத்தும் பலனில்லை என்பவர்கள் பெரும்பாலும் மடக்கி உழும் நாளைத் தவறவிட்டவர்களே. தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ, சணப்பு 10 முதல் 15 கிலோ விதை வேண்டும். குறைத்தால் பயிர் அடர்த்தியில்லாமல் நிற்கும், களை புகும், தண்டு பருத்து முற்றிவிடும்.

45 முதல் 50 நாளில் பூ எடுக்கும். அப்போதே உழுதுவிடுங்கள். இன்னும் பத்து நாள் விட்டால் தழை கூடுமே என்ற ஆசைதான் கெடுக்கிறது. தண்டை ஒடித்துப் பாருங்கள்: சட்டென முறிந்தால் பருவம் சரி, நார் நாராகத் தொங்கினால் தாமதமாகிவிட்டது. முற்றிய நாரை மட்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே (நைட்ரஜனையே) இழுத்துக்கொள்ளும். அடுத்த பயிர் வெளுத்து நிற்பது அதனால்தான்.

30ஆம் நாள் வாக்கில் வேர் முடிச்சையும் பார்த்துவிட வேண்டும். செடியைப் பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணோடு தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. வெளுத்திருந்தால் வேலை நடக்கவில்லை. அந்த நிலத்துக்கு அடுத்த முறை விதையை ஆறிய கஞ்சியில் கலந்த ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைக்க வேண்டும். வெயிலில் காயவைத்தால் நுண்ணுயிர் செத்துவிடும்.

உழுதபின் ஈரம் இல்லையென்றால் தழை மட்காது. தண்ணீர் கட்டிய நெல் வயலில் ஒரு வாரம் முதல் பத்து நாளில் நடலாம். புஞ்சையில் 2 முதல் 3 வாரம் பொறுக்க வேண்டும். முன்னதாக விதைத்தால், பச்சைத் தழையில் பெருகும் பூஞ்சாணம் இளம் முளையை அழுகடித்துவிடும்.