பரணில் போட்ட வினாத்தாளை எடுத்து வை, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று ராத்திரி உன் அம்மா போன் பண்ணினாள். தேர்வில் உன் பெயர் வரவில்லை என்று தெரிந்ததிலிருந்து நீ இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, புத்தகங்களையெல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டாய், கேட்டால் பதில் இல்லை என்றாள். அவள் பேசும்போதே பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. கொலுசு வேலையை நிறுத்தாமல்தான் பேசிக்கொண்டிருந்தாள். போனில் சொன்னால் நீ ‘சரி மாமா, சரி மாமா’ என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உன்னை மாதிரி எத்தனையோ வீட்டில் ஒரு பிள்ளை இப்படி மூலையில் உட்கார்ந்திருக்கும் என்பதால் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கேயே போடுகிறேன். உன் பேரை எங்கும் சொல்லவில்லை, பயப்படாதே.

நீ அழுதாயாம். அழுதுகொள், அதில் ஒன்றும் தப்பில்லை. 2025 ஜூலையில் நீ எழுதிய, அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பு வந்தபோது இருந்த இடங்கள் 3,935. எழுதியவர்கள் லட்சக்கணக்கில். இந்தக் கணக்கை மறைத்துவிட்டு ‘உழைத்தால் நிச்சயம் கிடைக்கும்’ என்று உன்னிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நன்றாக உழைத்தும் கிடைக்காதவர்கள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். ஆனால் நீ இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

என் கதை உனக்குப் பாதிதான் தெரியும். மூன்றாவது தடவையில் பாஸ் பண்ணினேன் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள், அவ்வளவுதான். 2014-ல் எழுதினேன், போய்விட்டது. சரி, படிப்பு போதவில்லை என்று நினைத்து அடுத்த இரண்டு வருஷம் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து, காலை ஐந்து மணிக்கு எழுந்து, ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்து, ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியலை நான்கு முறை வரிக்கு வரி படித்து முடித்து 2016 நவம்பரில் மறுபடி எழுதினேன். அதுவும் போய்விட்டது. அன்றைக்கு நானும் உன்னை மாதிரிதான், வினாத்தாளைச் சுருட்டி அரிசி டிரம்முக்குப் பின்னால் எறிந்தேன். பத்து நாள் கழித்து வீடு கூட்டும்போது அதை எடுத்துக் கொடுத்தது உன் அம்மாதான். ‘இதில் எதெது தப்புன்னு பார்த்தியாடா?’ என்று கேட்டாள். இரண்டு வருஷத்தில் வேறு யாரும் கேட்காத கேள்வி அது.

அன்று ராத்திரி தேர்வாணையத்தின் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 200 கேள்வியில் 38 தப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஏன் போனது என்று எழுதினேன். படிக்கவே படிக்காத பகுதியிலிருந்து வந்தவை 9. படித்து மறந்தவை 11. மீதி 18 எனக்கு நன்றாகத் தெரிந்தவை மாப்பிள்ளை! ‘பொருந்தாதது எது’ என்று கேட்டிருப்பார்கள், நான் பொருந்துவதைக் குறித்திருப்பேன். கூட்டு வட்டிக் கணக்கில் தனிவட்டி போட்டிருப்பேன். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், அப்படியென்றால் 27 மதிப்பெண் கையிலிருந்து நழுவியிருக்கிறது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஏற்கெனவே தெரிந்த சமூக அறிவியலை ஐந்தாவது முறை படிக்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். தெரிந்ததைத் திரும்பப் படித்தால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும், நேரமும் போகும், உழைத்த மாதிரியும் தோன்றும். தப்பைத் திறந்து பார்ப்பதுதான் வலிக்கும். அந்த வலிக்குப் பயந்துதான் இரண்டு வருஷம் ஓடியிருக்கிறேன்.

அப்புறம் நான் படித்த நேரம் குறைந்துபோனது. பகலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, காலையில் இரண்டு மணி நேரம், ராத்திரி இரண்டு மணி நேரம். வாரம் ஒரு பழைய வினாத்தாள், கடிகாரத்தை வைத்து மூன்று மணி நேரம், மறுநாள் முழுக்கத் தப்புகள் மட்டும். 2018 பிப்ரவரித் தேர்வில் பெயர் வந்தது.

பெரியவடகம்பட்டி மாரியப்பனை உனக்குத் தெரியும், நம் மாவட்டத்துப் பிள்ளை. 2016-ல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியபோது உங்கள் வகுப்பில் மிட்டாய் கொடுத்தார்கள் என்று ஓடி வந்து என்னிடம் சொன்னாய். ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் நசுங்கியதும், அம்மா காய்கறி விற்று வளர்த்ததும் எல்லாரும் சொல்கிற கதை. நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அந்தத் தங்கத்துக்கு அப்புறம் நடந்ததை. டோக்கியோவில் நம் நாட்டுக் கொடியைப் பிடித்து முன்னால் நடக்க வேண்டியவர் அவர். கொரோனா வந்த ஒருவரின் அருகில் பயணத்தில் இருந்துவிட்டார் என்று தனிமையில் வைத்துவிட்டார்கள், கொடி வேறொருவர் கைக்குப் போனது. போட்டி அன்று மழை வேறு. 1.86 தாண்டினார், வெள்ளி. 2024-ல் பாரிஸில் 1.85, வெண்கலம். பதக்கத்தின் நிறத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அவர் இறங்கிக்கொண்டே போகிற மாதிரி தெரியும். ஆனால் பாரிஸுக்குச் சில மாதம் முன்னால்தான் ஜப்பானில் கோபேயில் நடந்த உலகப் பாரா தடகளப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம் வாங்கியிருந்தார். உலகமே கொண்டாடிய பிறகும், அதே கம்பிக்கு முன்னால், அது விழுந்தாலும் விழும் என்று தெரிந்தே எட்டு வருஷமாகப் போய் நிற்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பார். எனக்கு அந்த வெண்கலத்தின் மேல்தான் மரியாதை அதிகம்.

இன்னொன்று. அடுத்த தேர்வு வரை வீட்டிலேயே உட்கார்ந்திருக்காதே. ஏதாவது வேலைக்குப் போ, அரை நாள் வேலையானாலும் சரி. உன் கையில் கொஞ்சம் காசு இருந்தால் அம்மா முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவாய், படிக்கும்போதும் தலையில் பாரம் இருக்காது. எத்தனை முறை எழுதுவது என்பதையும் இப்போதே முடிவு பண்ணி வை. இன்னும் இரண்டு முறை என்றால் இரண்டு முறை. அதற்கு மேல் வேறு வழி பார்க்கலாம், அதற்கும் மாமா கூட வருவேன். அப்படி வழி மாறினால் யாரும் உன்னைத் தோற்றவன் என்று சொல்ல விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் ஒன்றும் படிக்க வேண்டாம், நன்றாகத் தூங்கு, அம்மா போடுகிற சோற்றைச் சாப்பிடு. சாக்கை அவிழ்த்து அந்த வினாத்தாளை மட்டும் வெளியே எடுத்து வை. சிவப்புப் பேனா நான் வாங்கி வருகிறேன். அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லலாம், கேள்வி கேட்க அவள்தான் சரியான ஆள்.

அன்புடன்,
மாமா