என் கணக்குப்புள்ளைக்கு

2025 டிசம்பர்

டேய் தம்பி,

நீ நேத்து அனுப்பின நீள மெசேஜ பாத்தேன், ஃபோன்ல பதில் சொன்னா நீ நடுவுல புகுந்து என்னை முடிக்க விடமாட்ட, அதான் உக்காந்து டைப் பண்றேன், எழுத்து தப்பு இருந்தா கண்டுக்காத. நம்ம ஊர் பேஸ்பால் டீம் ரெட் சாக்ஸ் டெவர்ஸ வேற டீமுக்கு தள்ளிவிட்டது நல்ல முடிவு, அவன் ஒப்பந்தத்துல பாக்கி இருந்த 250 மில்லியன் டாலருக்கு மேல பாரம் எறங்கிடுச்சு, இப்ப மூணாவது பேஸ்ல ஆடுற ப்ரெக்மனுக்கு அஞ்சு வருஷ ஒப்பந்தம் குடுத்தா மறுபடியும் அதே குழில விழுவாங்கன்னு எழுதியிருக்க. கூடவே ஒரு எக்ஸெல் ஷீட் வேற. வயசுக்கு ஒரு கட்டம், வார்ங்கற நம்பருக்கு ஒரு கட்டம், சம்பளத்துக்கு ஒரு கட்டம், கடைசில செகப்பு கலர்ல மைனஸ்.

ஷீட்ட முழுசா பாத்தேன்டா. கூட்டல் கழித்தல்ல ஒரு தப்பும் இல்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தான் புரியல, யாரோட பணத்துக்கு நீ கணக்கு எழுதுற?

நீ மட்டும் இல்ல, இங்க பாஸ்டன்ல எல்லாரும் இப்படி ஆயிட்டாங்க. வேர்ல்ட் சீரிஸ் முடிஞ்சு நவம்பர் வந்துட்டா போதும், ஆஷ்லாண்ட் கோயில்ல பிரசாதத்துக்கு க்யூல நிக்கிறப்பகூட ரெண்டு மாமாக்கள் பொண்ணு பாக்க போன வீட்டுக்காரங்க மாதிரி ஆரம்பிச்சுடறாங்க, வயசு என்ன, முட்டி எப்படி, முழங்கை ஆபரேஷன் ஆயிருக்கா, இவ்ளோ குடுத்து எடுக்கணுமா, இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்தா மைனர் லீக்ல இருந்து சின்னப் பையன் வருவானேன்னு. கேக்க எனக்கும் புடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். நான் இந்த ஆட்டத்த கத்துக்கிட்டதே கார் ரேடியோல ஜோ காஸ்டிலியோன் குரல்ல தான், ஆனா டிசம்பர் மாசத்துல ஆடுற இந்த வாய் ஆட்டத்த கத்துக்குடுத்தது நீ தான். வார்னா என்னன்னு நீ தான சொன்ன, சும்மா கூப்ட்டா வர்ற ஒரு சாதா ஆள நிறுத்துறதுக்கு பதிலா இவன நிறுத்தினா எத்தன மேட்ச் கூட ஜெயிப்போம்ங்கற கணக்கு, அந்த ஒரு ஜெயிப்புக்கு மார்க்கெட்ல எட்டு ஒம்பது மில்லியன் விலை, அதுக்கு கம்மியா சம்பளம் வாங்கறவன் லாபம், கூட வாங்கறவன் நஷ்டம்னு. நல்லா புரிஞ்சுது. மேஜர் லீக்ல மொத மூணு வருஷம் டீம் குடுக்கறத வாங்கிக்கணும், அப்புறம் மூணு வருஷம் ஆர்பிட்ரேஷன், சம்பளம் ஒத்துவரலன்னா நடுவர் முடிவு பண்ணுவார், ஆறு வருஷம் முடிச்சா தான் ஃப்ரீ ஏஜென்ட், எந்த டீமுக்கும் போலாம். அப்ப லாபம்னு நீ சொல்றது முக்காவாசி அந்த மொத ஆறு வருஷம் தானடா, சந்தைல அவனால தன்ன வித்துக்க முடியாத காலம். அந்த லாபம் யாரு பாக்கெட்டுக்கு போகுதுன்னு உன் ஷீட்ல கட்டம் இல்ல.

மூக்கி பெட்ஸ எடுத்துக்க. 2018ல பேட்டிங் ஆவரேஜ் .346, 32 ஹோம் ரன், 30 பேஸ் திருட்டு, லீக்லயே சிறந்த ஆட்டக்காரன்னு எம்விபி அவார்டு, அந்த வருஷம் 108 மேட்ச் ஜெயிச்சு உங்க லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸையே தோக்கடிச்சு கப்பு வாங்கினோம். 2020 பிப்ரவரில அவனுக்கு 27 வயசு, தூக்கி லாஸ் ஏஞ்சலஸுக்கு குடுத்துட்டாங்க. அப்ப லக்ஷரி டாக்ஸ் கோடு, அதாவது டீமோட மொத்த சம்பளம் தாண்டினா வரி விழற அளவு, 208 மில்லியன், அதுக்கு கீழ எறங்கணும், ஏன்னா தொடர்ந்து கோட்டுக்கு மேல இருந்தா வரி 20ல இருந்து 30, 50 பர்சென்ட்னு ஏறிக்கிட்டே போகும், ஒரு வருஷம் கீழ எறங்கினா மறுபடியும் மொதல்ல இருந்து எண்ணுவாங்க. அதுக்காக பந்து வீசற பிட்சர் டேவிட் ப்ரைஸையும் கூடவே கட்டி அனுப்பி, அவன் சம்பளத்துல பாதிய நம்மளே குடுக்கறோம்னும் ஒத்துக்கிட்டாங்க. வந்தது வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். வெர்டூகோ கடைசில நம்ம பரம எதிரி யாங்கீஸுக்கு போய்ட்டான், யாங்கீஸ் ஜாம்பவான் டெரெக் ஜீட்டர் பேர வெச்ச அந்த பையன் ரெண்டரை வருஷம் கழிச்சு தான் மேஜர் லீக்குக்கு வந்தான், வந்த வருஷமே டிசம்பர்ல லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க, மிச்சம் வாங் மட்டும் தான். மூக்கிக்கு உங்க ஆளுங்க அதே ஜூலைல 12 வருஷம் 365 மில்லியன் குடுத்தாங்க, 2020, 2024, 2025னு அவன் அங்க மூணு கப்பு வாங்கிட்டான்.

இதுல எனக்கு எரிச்சல் எங்கன்னா, அன்னிக்கு ட்ரேட் நடந்தப்ப எத்தன ஃபேன்ஸ் இது புத்திசாலித்தனம், ஒரு வருஷத்துல சும்மா போகப்போற ஆளுக்கு ஏதோ கெடச்சுதேன்னு சொன்னாங்க தெரியுமா? வரி கட்டப்போறது ஓனர் ஜான் ஹென்றி. அவருக்கு மிச்சம் ஆனதுல நம்ம க்ரவுண்டு ஃபென்வேல டிக்கெட் விலை குறைஞ்சுதா, பார்க்கிங் குறைஞ்சுதா? இன்னொரு கூத்து, 2022ல அதே டீம் வரி கோட்டையும் தாண்டி டிவிஷன்ல கடைசியாவும் வந்துச்சு. வரியும் கட்டி கடைசியும் வர்றதுக்கு மூக்கிய வெச்சுக்கிட்டே கடைசியா வந்திருக்கலாம்.

சரி சரி, நீ என்ன சொல்லுவன்னு தெரியும், போகார்ட்ஸ பாரும்மான்னு சொல்லுவ. அத ஒத்துக்கறேன். சான் டியேகோ 11 வருஷம் 280 மில்லியன் குடுத்து கூட்டிட்டு போச்சு, போனதுக்கு அப்புறம் இங்க அடிச்ச மாதிரி அவன் அடிக்கல, நம்ம ஆளுங்க அவ்ளோ குடுக்காம விட்டது சரி தான். பிட்சர் கிறிஸ் சேல் கதைய சொல்லு பாப்போம்? எப்பப் பாத்தாலும் அடிபட்டு கெடக்கறான், 17 மில்லியன் கையில குடுத்தாவது அனுப்புன்னு தான ஊரே சொல்லுச்சு, அட்லாண்டாவுக்கு போன மொத வருஷமே 18 ஜெயிப்பு, ஈஆர்ஏ, அதாவது ஒம்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன், 2.38, சிறந்த பிட்சருக்கான சை யங் அவார்டு. அவனுக்கு பதிலா இங்க வந்த வான் க்ரிஸம் பாஸ்டன் சட்டைல பெருசா ஒண்ணும் ஆடல, இப்ப ஏஞ்சல்ஸ்கிட்ட இருக்கான். கணக்கு போட்டவங்கள நான் முட்டாள்னு சொல்ல வரல, தோள்பட்டை எப்ப சரியாகும்னு எந்த ஷீட்டுக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு ரெண்டு டெசிமல் வரைக்கும் நம்பர் போட்டு வெச்சுக்கிட்டு அம்மாகிட்ட சண்டைக்கு வராத, அவ்ளோ தான்.

டெவர்ஸுக்கு வர்றேன். 2023 ஜனவரி 2ஆம் தேதி ஃபென்வேல ஐஸ் ஹாக்கி மேட்ச் வெச்சாங்களே ஞாபகம் இருக்கா, ஹென்றி நடந்து வர்றப்ப கூட்டமே ஊன்னு கத்துச்சு, மூக்கி போயாச்சு, போகார்ட்ஸ் போயாச்சு, இவனையும் விட்டுடாதன்னு. ரெண்டு நாள்ல டெவர்ஸுக்கு 10 வருஷம் 313.5 மில்லியன்னு நியூஸ் வந்துச்சு. கத்தினதால தான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா அந்த குளிர்ல நின்னு கத்தினவங்க கைல எக்ஸெல் ஷீட் இல்ல.

அப்புறம் 2025 பிப்ரவரில ப்ரெக்மன கூட்டிட்டு வந்து மூணாவது பேஸ்ல இருந்து டெவர்ஸ நவுத்தி, நீ பேட்டிங் மட்டும் பண்ணுன்னாங்க. மொதல்ல முறுக்கிக்கிட்டான், அப்புறம் செஞ்சான். மே மாசம் மொத பேஸ்ல ஆடுன காஸாஸுக்கு முட்டி போனதும் இப்ப மொத பேஸ்ல நில்லுன்னு கேக்க, முடியாதுன்னு பத்திரிக்கைக்காரங்ககிட்ட வெளிப்படையா சொல்லிட்டான். அவன் பேசினதும் தப்பு தான், நான் அவனுக்கு வக்காலத்து வாங்கல. ஆனா ஜூன் 15 யாங்கீஸ மூணு மேட்ச்லயும் தோக்கடிச்ச அன்னிக்கே சாயங்காலம் சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு அனுப்பினாங்க பாரு, உங்கப்பா டீ கப்ப வெச்சுட்டு எதுவும் பேசாம மாடிக்கு போய்ட்டார். அங்க போனதும் அதே ஆளு மொத பேஸ்ல க்ளவுஸ மாட்டிக்கிட்டு நின்னான்ல? கேட்ட விதம்னு ஒண்ணு இருக்குடா. அது எந்த கட்டத்துல வரும்?

அவனுக்கு பதிலா வந்ததுல டிப்ஸ்ங்கற பையன ரெண்டு மாசம்கூட வெச்சுக்கல, ஜூலை கடைசில உங்க டாட்ஜர்ஸுக்கு குடுத்து டஸ்டின் மேங்கற பிட்சர வாங்கினாங்க, அவனும் சீசன் முடிஞ்சதும் ஃப்ரீ ஏஜென்ட். மிச்சம் ஹாரிசன், ஹிக்ஸ், இன்னொரு சின்னப் பையன். ஆனாலும் 89 ஜெயிச்சு ப்ளேஆஃப் போனோம், யாங்கீஸ்கிட்ட மொத ரவுண்டுலயே தோத்தோம், டெவர்ஸ் இருந்திருந்தா அந்த மூணு மேட்ச்ல என்ன ஆயிருக்கும்னு யாருக்குத் தெரியும். அப்படி இருக்கறப்ப நீ எப்படி நஷ்டம் லாபம்னு தீர்ப்பு எழுதுற?

இன்னொண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. போன மாசம் சிஎஸ்கே ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்கு குடுத்து சாம்சன வாங்கினப்ப நீ எனக்கு என்ன வாய்ஸ் மெசேஜ் அனுப்பின? 2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிச்சு குடுத்த மனுஷன எப்படிம்மா அனுப்புவாங்கன்னு தொண்டை கம்மிப்போய் பேசின. சாம்சனுக்கு 31, ஜடேஜாவுக்கு 37 ஆயிடுச்சு, உன் கணக்குப்படி பாத்தா அடிச்ச லாபம்! அப்ப எக்ஸெல்ல தொறக்கவே இல்லியே நீ. இத்தனைக்கும் ஐபிஎல்ல எல்லா டீமுக்கும் ஒரே பர்ஸ், இந்த தடவை 125 கோடி, ஒருத்தனுக்கு ஒரு கோடி கூட குடுத்தா இன்னொருத்தனுக்கு ஒரு கோடி கம்மி, அங்க கணக்கு பாக்கறதுக்கு நியாயம் இருக்கு. பேஸ்பால்ல மேல கூரை கிடையாது, வரி மட்டும் தான், கட்ட மனசு இருந்தா கட்டலாம். உங்க ஆளுங்க 2024க்கு மட்டும் 103 மில்லியன் வரி கட்டினாங்க. ஓட்டானிக்கு 700 மில்லியன்னு சொல்லி 680 மில்லியன 2034ல இருந்து தர்றோம்னு எழுதி வாங்கியிருக்காங்க, வட்டிகூட இல்ல. அந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு தொடர்ந்து ரெண்டு கப்பு ஜெயிச்ச டீம் மேட்ச்ச பாத்துக்கிட்டு எங்க ஓனருக்கு சிக்கனம் சொல்லிக்குடுக்கறியா நீ.

நியூயார்க் மெட்ஸ் ஃபேன்ஸ நெனச்சா இன்னும் பாவமா இருக்கு. நியூஜெர்சில உன் சித்தி வீட்டுக்காரர் இருக்காரே, அவர் ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசலியாம். அந்த டீம் வரலாற்றுலயே அதிக ஹோம் ரன் அடிச்சவன் பீட் அலோன்சோ, 264, பால்டிமோர் 5 வருஷம் 155 மில்லியன்னு தூக்கிட்டு போய்டுச்சு. சோட்டோவுக்கு 15 வருஷம் 765 மில்லியன் குடுத்த ஓனருக்கு இது இல்லாம இல்ல. 31 வயசு, மொத பேஸ் மட்டும் தான், ஓட மாட்டான், கணக்கு ஒத்துவரல. ஒத்துவரல தான். சித்தப்பாவுக்கு நான் என்ன ஆறுதல் சொல்றது, வார் கம்மின்னா?

நம்ம விஷயம். சன்னி க்ரேங்கற பிட்சர வாங்கினது எனக்கு புடிச்சிருக்கு. அத குடுத்தது யாரு தெரியும்ல, மூக்கிய அனுப்பினாரே அதே ஹைம் ப்ளூம், இப்ப செயின்ட் லூயிஸ்ல உக்காந்திருக்கார், 20 மில்லியனும் சேத்து அனுப்பியிருக்கார். அவர் இங்க இருந்தப்பவும் காசு குடுத்து தான் அனுப்பினார், அங்கயும் அப்படித்தான், கைராசி போல. பிட்சர் க்ரோஷேவுக்கு நாலு பசங்கள குடுத்தப்ப நீ ரொம்ப ஜாஸ்தின்னு சொன்ன, நான் குடுன்னேன். ஏஸ்னு ஒரு நம்பர் ஒண்ணு பிட்சர் இல்லாம ஒண்ணும் நடக்காது, ப்ராஸ்பெக்ட், வருங்கால நட்சத்திரம்னு பத்து வருஷமா நம்ம கேட்ட பேருல எத்தன பேரு ஃபென்வே வரைக்கும் வந்தான்?

ப்ரெக்மனுக்கு நான் குடுக்கலாம்னு தான் சொல்றேன். தொடைல அடிபட்டு கோடைல பாதி உக்காந்திருந்தான், ஒத்துக்கறேன், மார்ச் வந்தா 32, போராஸ் ஏஜென்ட்டு வேற, ஈசியா விடமாட்டார். ஆனா ரோமன் ஆண்டனிக்கு 21 வயசு, மேயருக்கு 22-23, இந்த பசங்களோட டக்அவுட்ல உக்காந்து பிட்சர் கைய எப்படி பாக்கணும்னு சொல்லிக்குடுக்க ஒரு ஆள் வேணும், அவன் அத தினமும் செஞ்சத நம்ம டிவில பாத்தோம். அடுத்த வருஷ கோடு 244 மில்லியன். தாண்டினா தாண்டட்டும். அஞ்சாவது வருஷம் 36 வயசுல அவன் தளர்ந்துட்டா அன்னிக்கு நானும் உன்கூட சேந்து திட்றேன், அதுக்கு முன்னாடி ப்ளேஆஃப் ஆட நாலு அக்டோபர் இருக்கு.

ஏதாவது குடுக்கறதா இருந்தா சீக்கிரம் குடுக்கணும், வேற ஊர் கதவும் தொறந்து தான் இருக்கு. அடுத்த டிசம்பர் 1 ஓனர்களுக்கும் ப்ளேயர்ஸுக்கும் இருக்கற ஒப்பந்தம் முடியுது, சம்பளத்துக்கு கூரை போடணும்னு ஓனர்கள் பேச ஆரம்பிச்சுட்டாங்க, 2021 மாதிரி பூட்டு போட்டா ட்ரேடும் கிடையாது சைனிங்கும் கிடையாது, அப்ப 99 நாள் இழுத்தாங்களே. அதனால சண்டை போடறதுன்னா இந்த குளிர்காலமே போட்டுக்கலாம். ஏப்ரல்ல பேட்ரியாட்ஸ் டே அன்னிக்கு காலைல மேட்ச், மாரத்தான் ரூட்டெல்லாம் மூடிடுவாங்க, அப்பா ஃப்ரேமிங்ஹாம்ல கார விட்டுட்டு ட்ரெயின்ல போலாம்னு ப்ளான் போட்டுட்டார். உனக்கும் சேத்து டிக்கெட் எடுக்கவான்னு கேக்க சொன்னார், ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு. டாட்ஜர்ஸ் தொப்பி போட்டுட்டு வந்தேன்னா வேற வரிசைல சீட்டு பாத்துக்க.

அம்மா