கயல் விஷயமாக

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மாசக்கணக்காகிறது. நீயும் சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றிவிட்டாய், அதனால் கணக்கு சரி. உன் தம்பி கல்யாணத்துக்கு வராததற்குக் காரணம் அத்தை. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார், பயமில்லை.

எழுத வந்தது கயலைப் பற்றி. பிளஸ் டூ முடித்தவள், ஆக்குபேஷனல் தெரபிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நோயாலோ காயத்தாலோ முடங்கியவர்களை அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்குகிற படிப்பு அது. எனக்கு முழுச் சம்மதம். அவள் அப்பாதான் "பிசியோ என்றாலாவது நாலு பேருக்குத் தெரியும்" என்கிறார். போதாததற்கு என் கொழுந்தனார், "கூடை பின்னச் சொல்லிக்கொடுக்கிற வேலைதானே" என்று ஊதிவிட்டார்.

அத்தைக்காக எங்கள் வீட்டுக்கு வந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பெண்ணைப் பார்த்திருந்தால் இப்படிப் பேசமாட்டார். அத்தையை எழுப்பி நடக்க வைத்தது பிசியோ தம்பிதான், அவருக்குக் கோடிப் புண்ணியம். ஆனால் நடந்த பிறகும் சோறு ஊட்ட, ரவிக்கை மாட்ட எங்களையே எதிர்பார்த்து அத்தை ஒடுங்கிப் போயிருந்தார். இந்தப் பெண் வந்ததும், "காலையில் எழுந்தா என்னென்ன செய்வீங்க பாட்டி?" என்றுதான் கேட்டாள். பூக்கட்டுவேன் என்று சொல்லி அத்தை அழுதுவிட்டார். அவர் கட்டிய மல்லிச்சரம் இல்லாமல் நாம் ஜெஸி டீச்சர் வகுப்புக்குப் போனதுண்டா?

ரவிக்கையில் ஆரம்பித்தாள். போடும்போது வராத கையை முதலில் நுழைக்கணும், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்கணும். இவ்வளவுதான், அத்தை தானே உடுத்த ஆரம்பித்துவிட்டார். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தாள். அப்புறம் பூ. எடுத்த எடுப்பில் மல்லி கிடையாது. தடித்த நூலை நாற்காலிக் கையில் முடிந்து, செவ்வந்தியைக் கொடுத்தாள். வலது கை பூவை அமுக்கிப் பிடித்தால் போதும், முடிச்சை இடது கை பார்த்துக்கொள்ளும். விரல் பிடிப்புக்கு வந்ததும் சம்பங்கி. அதன் பிறகுதான் வாழைநாரும் மல்லி மொட்டும். போன வெள்ளிக்கிழமை ஒரு முழம் கட்டிவிட்டார் செல்வி! நெருக்கம் இல்லை, அங்கங்கே மொட்டு தொங்குகிறது. சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, "இன்னும் நெருக்கிக் கட்டணும்" என்றார்.

கயல் இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அப்பாவிடம் வாதாடுவதற்கென்றே தேடித்தேடிப் படித்திருக்கிறாள். 1950-லேயே மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இதற்குப் பள்ளி தொடங்கியாயிற்றாம். தொடங்கியவர் கமலா நிம்ப்கர், அமெரிக்காவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். 1952-ல் இந்தத் துறைக்கான உலகக் கூட்டமைப்பைத் தொடங்கிய பத்து நாடுகளில் நம் நாடும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி இரண்டையும் சேர்த்து 2021-ல் மத்திய அரசு சட்டமே போட்டிருக்கிறது. இதைவிட என்ன முத்திரை வேண்டும் இவருக்கு?

வேலை இல்லாமல் போகாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், தீக்காயப்பட்டவர்கள், மெஷினில் கை மாட்டிக்கொண்டவர்கள், மனநோயிலிருந்து மீண்டு வருகிறவர்கள் என்று எல்லாருக்கும் இவர்கள் தேவைப்படுகிறார்கள். ஆரம்பச் சம்பளம் குறைவுதான், அந்தப் பெண்ணே மறைக்காமல் சொன்னாள். அது எனக்கும் கவலைதான். ஆனால் உசிலம்பட்டியில் என் சித்தப்பாவுக்கு வாதம் வந்தபோது மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு சரி. திண்ணைக் கட்டிலிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தார். கைக்கு வேலை கொடுக்க ஓர் ஆள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அதை நினைத்தால் ஆறமாட்டேன் என்கிறது மனசு.

இவர் நான் சொன்னால் கேட்கமாட்டார், "செல்வி சொன்னால் சரிதான்" என்பார். விண்ணப்பம் போட நாள் நெருங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கூப்பிட்டுப் பேசிவிடு, சாயங்காலம் கொழுந்தனார் வந்துவிடுவார்.

உன்,
மீனா