வழுக்கையாற்றின் ஒட்சிசனை விடியுமுன்னும் அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணக் குடாநாட்டில், தெல்லிப்பழைப் பக்கமிருந்து கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக வந்து அராலியில் கடல்நீரேரியோடு சேரும் வழுக்கையாற்றின் நீர் பற்றிய ஆய்வறிக்கை ஒன்று அண்மையில் எமது சனசமூக நிலையத்தில் வாசிக்கப்பட்டது. கரைந்த ஒட்சிசன் போதியளவு இருப்பதால் நீர் நல்ல நிலையில் உள்ளது என்று அதில் முடிவு கூறப்பட்டிருந்தது. மாதிரிகள் எடுக்கப்பட்ட நேரத்தைத் தேடிப் பார்த்தேன். எல்லாம் முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடைப்பட்டவை. அந்த நேரத்து அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு அப்படியொரு முடிவுக்கு வர முடியாது என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

வெயில் ஏற ஏற நீரிலுள்ள பாசியும் நீர்த்தாவரங்களும் ஒளித்தொகுப்பின்போது ஒட்சிசனை வெளிவிடுகின்றன. சுவாசமோ இரவு பகல் பாராமல் நடக்கிறது. மீன்கள் மட்டுமன்றி அதே பாசியும், அடிச்சேற்றில் இலைகுழைகளை உக்கச்செய்யும் பற்றீரியாக்களும் ஒட்சிசனைச் செலவழித்தபடியே இருக்கின்றன. 27 பாகை செல்சியஸில் உப்பில்லாத நீர் வளியோடு சமநிலையில் இருந்தால் லீற்றருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். தோட்டங்களிலிருந்து உரம் கழுவி வந்து பாசி செழித்த நீரில் பிற்பகல் அளவு அதையும் தாண்டும். அதே நீரில், இரவு முழுவதும் செலவு மட்டுமே நடந்து முடிந்த விடியற்புறத்தில், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் அளவுக்கு ஒட்சிசன் இறங்கிவிடலாம். ஆகவே மதியத்தில் மிகக் கூடுதலாகக் காணப்படும் ஒட்சிசன் உரம் மிகுந்த நீரின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். விரால் உயிரோடு இருக்கிறதே என்பதும் அத்தாட்சியாகாது, அது வெளிக்காற்றையும் சுவாசிக்கும் மீன்.

ஹங்கேரி நாட்டு இரசாயனவியலாளர் லாயோஷ் விங்கிளர், நீரில் கரைந்த ஒட்சிசனை அளப்பதற்கு 1888இல் வெளியிட்ட முறையை உயர்தர வகுப்புகளில் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். கடந்த மாரியில் வீட்டுக்கு அண்மையிலுள்ள மதகடியில், ஒரே இடத்தில், விடியுமுன் ஒரு போத்தலும் பிற்பகலில் ஒரு போத்தலும் குமிழி சேராமல் நிரப்பி, மங்கனீசு சல்பேற்றையும் கார அயடைட்டையும் சேர்த்தேன். பிற்பகல் போத்தலில் தேயிலைச் சாயம் போலக் கடும் மண்ணிற வீழ்படிவு இறங்கியது. விடியற்காலைப் போத்தலில் இறங்கியது ஏறக்குறைய வெள்ளை. ஒட்சிசன் இருந்தால்தான் அந்த வீழ்படிவு மண்ணிறமாகும் என்பதை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர் ஆற்று நீரில் அதைக் கண்டபோது மனம் கனத்தது.

ஒட்சிசனின் இந்த ஏற்ற இறக்கத்திலிருந்தே ஓடும் நீரின் சூழற்றொகுதி நாளொன்றுக்கு எவ்வளவு உற்பத்தி செய்கிறது, எவ்வளவு சுவாசிக்கிறது என்று, அதாவது அதன் அனுசேபத்தை, கணக்கிடலாம் என்று அமெரிக்கச் சூழலியலாளர் ஹவார்ட் ஓடம் 1956இல் காட்டினார். எமது குடாநாட்டைப் போலவே சுண்ணக்கல் நிலமான புளோரிடாவில், சில்வர் ஸ்பிரிங்ஸ் என்னும் நீரூற்றில் அவர் செய்த விரிவான ஆய்வு அடுத்த ஆண்டு வெளியாயிற்று. கணக்கு எளியது: நீரில் ஒட்சிசன் மாறும் வீதம் என்பது, ஒளித்தொகுப்பு தருவதிலிருந்து சுவாசம் எடுப்பதைக் கழித்து, வளியிலிருந்து வருவதையோ வளிக்குப் போவதையோ சேர்த்தது. இதில் வளிப் பரிமாற்றத்தை அறிவதுதான் சிரமம். அதற்கு இரவு உதவுகிறது. இருட்டிய பின் ஒளித்தொகுப்பு இல்லாதபடியால் எஞ்சுவது சுவாசமும் வளிப் பரிமாற்றமுமே. நிரம்பல் அளவுக்கு, அதாவது வளியோடு சமநிலையில் கரைந்திருக்கக்கூடிய அளவுக்கு, எவ்வளவு குறைகிறது என்பதை ஓர் அச்சிலும், மாறும் வீதத்தை மற்ற அச்சிலும் குறித்தால் கிடைக்கும் நேர்கோட்டின் சரிவு வளிப் பரிமாற்றக் குணகத்தையும், அக்கோடு அச்சை வெட்டும் வெட்டுத்துண்டு சுவாசத்தையும் தரும். அவற்றைப் பகல் அளவுகளில் இட்டால் உற்பத்தி வெளிப்படும். சுவாசம் உற்பத்தியை நெடுகலும் மிஞ்சி நிற்குமானால், வெளியிலிருந்து வந்து விழும் சேதனப் பொருளை ஆறு எரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது இலைகுழையா கழிவுநீரா என்று அடுத்துத் தேட வேண்டும்.

இம்முறையை எந்த இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கையாள முடியாது. சுண்ணக்கல் வெடிப்புகளூடாக நிலத்தடி நீர் ஊறும் இடங்களில், அந்த நீரில் ஒட்சிசன் குறைவாக இருக்குமானால், சுவாசம் உண்மையிலும் கூடுதலாகத் தெரியும். நீர் தேங்கி நிற்கும் பகுதிகளில் மேலும் கீழும் ஒரே அளவாக இராது. ஆகவே நீர் மேலும் கீழும் நன்றாகக் கலந்து ஓடும் ஒரு பகுதியைத் தெரிவு செய்வதும், வெப்பநிலையையும் உவர்த்தன்மையையும் கூடவே அளப்பதும் அவசியம். அராலியை அண்டிய பகுதியில் உவர்த்தன்மை மிக முக்கியம், ஏனெனில் உப்பு கூடக்கூட நீர் பிடித்து வைத்திருக்கும் ஒட்சிசன் குறையும்.

உரத்தால் கிணறுகளில் சேரும் நைத்திரேற்றுப் பற்றி நாம் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறோம், அது வேண்டியதுதான். அதே உரம் மாரி வெள்ளத்தோடு ஆற்றில் இறங்கிய பின் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா? வழுக்கையாறு ஆண்டில் சில மாதங்கள்தான் ஓடுகிறது. அந்த மாதங்களைத் தவற விட்டால் அடுத்த மாரி வரை காத்திருக்க வேண்டும்.

எனவே நீரின் தரத்தைச் சோதிக்கும் பொறுப்பிலுள்ளோரிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: வரும் மாரியில், வெள்ளம் வடிந்து ஓட்டம் சீரான பின், ஒரு நாள் பொழுதுபட முன் தொடங்கி மறுநாள் பொழுதுபடும்வரை, மணிக்கொரு முறை ஒரே இடத்தில் ஒட்சிசனை அளந்து, ஒவ்வோர் அளவுக்கும் நேரத்தையும் குறித்து வெளியிடுங்கள். தானாகப் பதியும் ஒட்சிசன்மானி இல்லாவிட்டால், கையில் பிடிக்கும் மானியோடு உயர்தர வகுப்பு மாணவர்கள் பெரியவர்களின் துணையுடன் முறைவைத்துச் செய்யலாம். இராக்காவலுக்கும் தேநீர் வைத்துக் கொடுப்பதற்கும் எங்கள் சனசமூக நிலையத்தார் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்,
சண்டிலிப்பாய்.